சிஸ்டரைத் திருப்பித் தாருங்கள்

சாய்ந்தமருது
09.02.2024

மதிப்புக்குரிய சிஸ்டர் எமரென்சியா அவர்களுக்கு,

நேற்று உங்கள் நம்பருக்கு எடுத்தேன். வேறொரு குரல் கதைத்தது. "சிஸ்டர் மாறிப் போயிட்டா. இது கொன்வென்ட் ஃபோன். இனி நான்தான் பாவிப்பன்" என்றது. பெயர் சிஸ்டர் சுஜித்தாவாம். அப்படியென்றால் இந்த ஆறு வருஷமும் நான் எங்கள் பெருநாளைக்கும் உங்கள் நத்தாருக்கும் வாழ்த்து அனுப்பியது யாருடைய ஃபோனுக்கு?

திங்கட்கிழமை வழமைபோல் றுஸ்னாவைக் கூட்டிக்கொண்டு கல்முனைக்கு வந்தேன். வகுப்புக் கதிரையில் நீங்கள் இல்லை. பிள்ளை குசினிக்குள் போய்ப் பார்த்தாள், கிணற்றடிக்குப் போனாள், உங்கள் சிற்றாலயத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்று, இரண்டு கையாலும் தலையில் முக்காடு இழுப்பதுபோலக் காட்டினாள். அது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். எங்கே என்று கேட்கிறாள் என்பதும் தெரியும். அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும், சிஸ்டர்? சாப்பாடு, தண்ணீர், நித்திரை, வாப்பா. இவ்வளவுதான் எனக்குக் கையால் சொல்லத் தெரிந்த கதை. காது கேட்கிற பிள்ளை என்றால், "சிஸ்டர் ஊருக்குப் போயிருக்கா, வருவா" என்று ஒரு பொய்யாவது சொல்லியிருப்பேன்.

ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளை. உங்களிடம் வருமுன் யாரையும் நிமிர்ந்து பார்க்காத பிள்ளை. மற்ற உம்மாமாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள், நான் உங்களுக்கு நெருக்கம் என்ற நினைப்பில். எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த விலாசத்தைச் சிஸ்டர் சுஜித்தாவிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். "ஒண்டும் சொல்லாமப் போனவவுக்கு நீ என்னத்துக்கு எழுதுற?" என்று வீட்டில் இவர் ஏசுகிறார்.

ஸப்னா ஸஹீத்
(றுஸ்னாவின் உம்மா)

*

ஹப்புத்தளை
20.02.2024

அன்புள்ள ஸப்னா,

உங்கள் கடிதத்தை இங்கே பொறுப்புச் சிஸ்டர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தந்தார். ஆகவே ஏசுவதென்றால் கொஞ்சம் அழகான எழுத்தில் ஏசுங்கள்.

எங்கள் சபையில் இடமாற்றம் இப்படித்தான் நடக்கும். மாகாணத் தலைவி மதர் பெனடிக்டாவிடமிருந்து கடிதம் வரும். இன்ன நாளைக்குள் இன்ன வீட்டில் இருக்கவேண்டும் என்று அதில் இருக்கும். விளக்கம் இராது. போகிற சிஸ்டர் பிள்ளைகளைக் கூட்டி அழவைத்து, மாலை வாங்கி, பொன்னாடை போர்த்திக்கொண்டு போகக்கூடாது. ஃபோன், குடை, தையல் மெஷின் எல்லாம் அந்த வீட்டுக்குச் சொந்தம். எனக்குச் சொந்தம் ஒரு சூட்கேஸ். கீழ்ப்படிதல் என்று வார்த்தை கொடுத்துத்தான் முப்பது வருஷத்துக்கு முன் இதில் சேர்ந்தேன். எனக்கும் அது எல்லா நாளும் இனிப்பதில்லை.

இங்கே என் வேலை என்ன தெரியுமா? சபையில் சேர வந்திருக்கும் இளம் பிள்ளைகளுக்குச் சபை வரலாறு படிப்பிப்பது. முந்தி முப்பது பேர் இருந்த மண்டபம். இப்போது மூன்று பேர். சுவரில் பெரிய படமொன்று தொங்குகிறது. பிரான்சிலிருந்து கப்பலில் வந்த முதல் சிஸ்டர்மார், அவர்கள் மட்டக்களப்பிலிருந்து மாட்டுவண்டியில் போய் ஊர் ஊராகத் தொடங்கிய பெண்பிள்ளைப் பாடசாலைகள், எந்த வருஷம் எந்த ஊர் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நான் தடியால் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறேன். ஒருத்தி கொட்டாவி விடுகிறாள். படிப்பித்தவர்களைப் பற்றிப் படிப்பிக்கிறேன், ஸப்னா. படிப்பிக்கவேண்டிய பிள்ளைகளோ கல்முனையில் சும்மா இருக்கிறார்கள். கோமாரிக் கடற்கரையில் வளர்ந்த எனக்கு இந்தக் குளிர் வேறு.

சிஸ்டர் சுஜித்தாவுக்குச் சைகை மொழி தெரியாது. ஆனால் நல்ல பிள்ளை. கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். நீங்களும் பொறுமையாக இருங்கள். உயிர்த்த ஞாயிறுவரை எதுவும் செய்யவேண்டாம். இதை நான் சும்மா சொல்லவில்லை.

றுஸ்னாவிடம் என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.

சிஸ்டர் எமரென்சியா

*

சாய்ந்தமருது
08.03.2024

அன்புள்ள சிஸ்டர்,

நல்ல செய்தியோடு எழுதுகிறேன். வேலையைத் தொடங்கிவிட்டோம்.

முதலில் வகுப்பின் நிலைமையைச் சொல்கிறேன். சிஸ்டர் சுஜித்தா பிள்ளைகளுக்குப் படம் கொடுத்து நிறம் தீட்டச் சொல்கிறார். காலையிலும் நிறம் தீட்டல், பின்னேரமும் நிறம் தீட்டல். றுஸ்னா ஒரே நாளில் ஐந்து மயில் தீட்டிவிட்டாள். ஆறாவதைக் கிழித்து வாய்க்குள் போட்டுக்கொண்டாள். பாவம் அந்தச் சிஸ்டர், பிள்ளைகளோடு சத்தம் போட்டுக் கதைக்கிறார். சத்தம் போட்டால் கேட்கும் என்று நினைக்கிறார் போலும்.

நான் சும்மா இருப்பேனா? மருதமுனை ஜெனூபாவின் மகனும் இதே வகுப்புத்தானே. அவளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். நற்பிட்டிமுனையில் அன்னப்பிள்ளை அக்கா தன் மகளுக்காகத் தனியாக இறங்கி, கோயில் நிர்வாகத்திடமும் வாங்கி வந்தார். மீனவர் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், நெசவுக்காரர் சங்கம் எல்லாரும் போட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. உங்கள் மதருக்கு ஒன்று, ஆயருக்கு ஒன்று, கல்வி அமைச்சுக்கு ஒன்று, நம் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒன்று. போன வெள்ளி ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசலுக்கு முன்னால் பதாகை பிடித்து நின்றோம். "சிஸ்டரைத் திருப்பித் தாருங்கள்" என்று சிவப்பில் எழுதி, பக்கத்தில் உங்கள் படம். விளையாட்டுப் போட்டியில் எடுத்தது, நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்பது. இணையத்தளங்களிலும் வந்துவிட்டது. பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள்.

எதுவும் செய்யவேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு விளங்கும். போன வருஷம் எங்கள் ஊர்ப் பாடசாலைக் கணித ரீச்சருக்கு இடமாற்றம் வந்தபோது அவரும், "ஐயோ புள்ள, எனக்காக ஒண்டும் செய்ய வேணாம்" என்றுதான் சொன்னார். சொல்லத்தானே வேண்டும், அரசாங்க வேலை. நாங்கள் கேட்டைப் பூட்டி வலயக் கல்வி அலுவலகத்துக்கு மனு கொடுத்தோம். மூன்றாம் நாள் இடமாற்றம் ரத்து. ரீச்சர் எங்களுக்கு வட்டிலப்பம் செய்து கொடுத்தார்.

இன்ஷா அல்லாஹ், நோன்பு முடியுமுன் நீங்கள் இங்கே.

ஸப்னா

*

ஹப்புத்தளை
21.03.2024

ஸப்னா,

எழுதவேண்டாம் என்று மூன்று நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

வேண்டாம் என்று தமிழில்தானே எழுதினேன்? வேண்டாம் என்றால் வேண்டாம். ரீச்சரைப்போல உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு வெளியே ஒன்று சொல்கிறவள் என்றா என்னை நினைத்தீர்கள்?

இப்போது சொல்லிவிடுகிறேன், இனி ஒளித்து என்ன. ஜனவரியிலேயே மதரிடம் நேரில் போய்க் கேட்டேன். அந்த வகுப்பை இன்னும் ஒரு வருஷம் நடத்த விடுங்கள், சுஜித்தாவைப் பக்கத்தில் வைத்துப் பழக்கிவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். மதர் முடியாது என்று சொல்லவில்லை. "உயிர்ப்பு முடியட்டும், எமரென்சியா. பார்ப்பம்" என்றார். அவர் பார்ப்பம் என்றால் முக்கால்வாசி ஓம் என்றுதான் அர்த்தம். சிஸ்டருக்கும் தலைவிக்கும் நடுவில் கதைத்ததை வெளியே சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால்தான் பொறுங்கள் என்று மட்டும் எழுதினேன்.

உங்கள் மனு வந்த அன்று மதர் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி. "நீங்கள்தானே எழுதச் சொன்னது?" இல்லை என்றேன். "பிறகு எப்படிப் பள்ளிவாசல் முத்திரையெல்லாம் வருது?" என்றார். எங்கள் இடத்தில் ஒரு சிஸ்டருக்காக ஊர் மனு எழுதினால், அந்தச் சிஸ்டர் ஊரைத் தூண்டிவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த ஊருக்கு அதற்குப்பிறகு அவரை அனுப்பவே மாட்டார்கள். அனுப்பினால் நாளைக்கு எல்லாச் சிஸ்டரும் ஊரைக் கூட்டுவார்கள். நீங்கள் தள்ளியது திறக்கப்போன கதவு, மறுபக்கம் தள்ளிப் பூட்டிவிட்டீர்கள்.

இந்த வழக்கம் சும்மா வந்ததில்லை. 1960 கடைசியில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்தபோது, எங்கள் சபையின் சிஸ்டர்மார் தங்கள் கையால் கட்டிய பாடசாலைகளின் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். சிஸ்டர் அன்செல்ம் என்று ஒருவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினாராம், திரும்பிப் பார்க்கவில்லையாம். அடுத்த வருஷம் அவர் மாட்டுக்கொட்டிலில் தொடங்கியதுதான் இந்தக் காது கேளாத பிள்ளைகளின் வகுப்பு. ஒன்றையும் என்னுடையது என்று பிடித்துக்கொள்ளாததால்தான் அவரால் அடுத்ததைத் தொடங்க முடிந்தது. இதைத்தான் நேற்றும் அந்த மூன்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். பள்ளிவாசல் வாசலில் பதாகையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற சிஸ்டர் படிப்பிக்கிற பாடம்! ஒருத்தி ஃபோனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எ.

*

சாய்ந்தமருது
02.04.2024

சிஸ்டர்,

நோன்போடு எழுதுகிறேன். ஆகவே நாவையும் கையையும் அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பிழை செய்துவிட்டேன். ஓம். எனக்குத் தெரியாமல் செய்த பிழை. தெரியாமல் வைத்தது யார்? "மதரிடம் கேட்டிருக்கிறேன், கெடுத்துவிடாதே" என்று ஒரு வரி எழுதியிருந்தால் பேனாவை உடைத்துப் போட்டிருப்பேன். உங்கள் வழக்கம் உங்களுக்கு, எங்கள் வழக்கம் எங்களுக்கு. நடுவில் என் பிள்ளை.

சிஸ்டர் அன்செல்மின் கதையை இரண்டு தரம் வாசித்தேன். பெரிய மனுசி, சந்தேகமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனபிறகு அந்தப் பாடசாலைகள் மூடினவா? இல்லையே. அரசாங்கம் ஆசிரியர் போட்டது. என் மாமி றாஹிலா அப்படியொரு பாடசாலையில்தான் படித்தார். சிஸ்டர்மார் போய் மிஸ்மார் வந்தார்கள், பாடம் நடந்தது, அவர் தாதியாக வந்தார். அன்செல்ம் சிஸ்டர் திரும்பிப் பார்க்காமல் போகலாம், பின்னால் ஆள் இருந்தது. உங்களுக்குப் பின்னால் யார், சிஸ்டர்? எந்த அமைச்சு எங்களுக்கு ஆள் போட்டது? மட்டக்களப்பில் இருக்கிற காது கேளாதோர் பாடசாலைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். தினமும் விடிய வெளிக்கிட்டு பஸ்ஸில் போய் வர முடியுமா, இவர் கடலுக்குப் போகிற மனிதர்.

வகுப்புக்கு இப்போது பாதிப் பிள்ளைகள்தான் வருகிறார்கள். ஜெனூபா மகனை நிறுத்திவிட்டாள். கடைக்கு அனுப்பப் போகிறாளாம்.

உங்கள் வரலாற்றுப் படத்தில் கல்முனைக்கும் ஒரு புள்ளி இருக்குமே. அதற்குப் பக்கத்தில் இதையும் எழுதிவிடுங்கள்.

ஸப்னா

*

புனித வெரோனிக்கா கன்னியர் சபை
ஹப்புத்தளை
15.04.2024

பெற்றோர் அனைவருக்கும்,

இறைவனின் ஆசீர் உங்களோடு இருப்பதாக. எனது இடமாற்றம் தொடர்பாகத் தாங்கள் வெளிப்படுத்திய அன்புக்கு நன்றியறிதலைத் தெரிவித்துக்கொள்கின்றேன். எனது புதிய பணியில் நான் மனநிறைவுடன் ஈடுபட்டுள்ளேன் என்பதை அறியத்தருகின்றேன். இவ்விடயம் தொடர்பில் இனிமேல் மனுக்கள், ஆர்ப்பாட்டங்கள் ஆகியவற்றைத் தவிர்த்து, சகோதரி சுஜித்தாவுக்குப் பூரண ஒத்துழைப்பு நல்குமாறு வேண்டிக்கொள்கின்றேன்.

அருட்சகோதரி எமரென்சியா
பிரதி: மாகாணத் தலைவி

*

சாய்ந்தமருது
06.05.2024

சிஸ்டர்,

அந்தக் கடிதத்தை உம்மாமாரைக் கூட்டி வாசித்தேன். அன்னப்பிள்ளை அக்கா, "இது அவ எழுதின இல்ல புள்ள. பக்கத்துல ஆள் நிண்டு எழுதுவிச்சிரிக்கி" என்றார். "மனநிறைவுடன்" என்ற இடத்தில் ஜெனூபா எழும்பிப் போய்விட்டாள். சொன்னபடி செய்கிறோம் என்று உங்கள் மதரிடம் சொல்லிவிடுங்கள். இனி ஒரு மனுவும் வராது. மனுப்போட எங்களுக்கு மனமும் இல்லை.

இதை எழுதுவது வேறொன்றுக்காக.

பெருநாள் முடிந்து இரண்டு கிழமையில் றுஸ்னாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. வலது கையைப் பொத்தி வயிற்றில் வைத்து, விரல்களை விரித்து விரித்து மூடினாள். பசி என்று நினைத்தேன். இடியப்பம் கொடுத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு மறுபடியும் அதையே காட்டினாள். தட்டைத் தள்ளியதற்கு அடித்தேன் சிஸ்டர். பிறகு கஞ்சி கொடுத்தேன். அன்று முழுக்க அதையே காட்டிக்கொண்டிருந்தாள், அடுத்த நாளும். சத்தி எடுத்து, உடம்பு கொதித்து, காலை மடக்கிக்கொண்டு கிடந்தபிறகுதான் ஆசுபத்திரிக்கு ஓடினோம். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். டொக்டர், "எப்பருந்து நோகுது எண்டு கேளுங்க" என்றார். நான் யாரிடம் கேட்க? எப்படிக் கேட்க? இவர் போய்ச் சிஸ்டர் சுஜித்தாவைக் கூட்டி வந்தார். அவரும் ஃபோனில் எதையெதையோ தேடிப் பார்த்துவிட்டு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அல்லாஹ்வின் கிருபை, ஒப்பரேஷன் நடந்து பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆறு வருஷம் அந்த வகுப்பு வாசலில் நின்றேன். "உம்மாமார் வெளிய நில்லுங்கோ" என்று கதவைச் சாத்தியது நீங்கள்தான். பிள்ளைக்குச் சொல்லப் பழக்கினீர்கள். அவள் சொல்வது விளங்க எனக்குப் பழக்கவில்லை. உலகத்தில் அவளுடைய கதை தெரிந்த பெரிய மனிசர் ஒருவர்தான், அவர் மலையில் இருக்கிறார்.

அந்தக் கைக்கு என்ன அர்த்தம்? அதை மட்டும் எழுதுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

ஸப்னா

*

ஹப்புத்தளை
27.05.2024

ஸப்னா,

நோகுது. அந்தக் கைக்கு அர்த்தம் அதுதான். நான் முதல் கிழமையில் படிப்பிக்கிற சொல்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அன்று வரலாற்று வகுப்பு எடுக்கவில்லை. மூன்று பிள்ளைகளும் மண்டபத்தில் காத்திருந்துவிட்டுப் போனார்கள். தாய்மாரை ஏன் வெளியே நிறுத்தினேன் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. உள்ளே விட்டால் பிள்ளைக்குப் பதிலாகத் தாய் கதைப்பாள். இப்போது அதை எழுதி உங்களோடு வாதாட எனக்கு மனமில்லை.

எழும்பி, பஸ் எடுத்து, மதரிடம் போனேன். அவர் என்னை எதிர்பார்க்கவில்லை. மனுக் கதையோடு வந்திருக்கிறேன் என்று நினைத்து முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டார்.

எங்களுக்கு வருஷத்தில் இரண்டு கிழமை வீட்டு விடுமுறை உண்டு. சொந்தக்காரர் வீட்டில்தான் நிற்கலாம். கோமாரியில் இருந்த அண்ணன் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனபிறகு நான் அதை எடுத்ததில்லை. ஓகஸ்டில் எனக்கு விடுமுறை வேண்டும் என்றேன்.

"எங்க நிக்கப்போறீங்க?"

"சாய்ந்தமருதுல. தங்கச்சி வீட்ட."

எனக்கு ஒரே ஒரு அண்ணன் என்பது மதருக்குத் தெரியும். என் கோப்பை நாற்பது தரம் பார்த்திருப்பார்.

"தங்கச்சிக்குப் பேர்?"

"ஸப்னா."

அந்தப் பெயரும் அவருக்குத் தெரியும். மனுவில் முதல் பெயர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். பிள்ளையின் ஒப்பரேஷனைப் பற்றிச் சுஜித்தா அவருக்கு அழுது அழுது எழுதியிருக்கிறார் என்று பிறகுதான் அறிந்தேன். கடைசியில், "பிள்ளையளுக்கு நீங்க வகுப்பு எடுக்கக்கூடாது. அது இப்ப சுஜித்தாட வகுப்பு" என்றார். ஓம் மதர் என்றேன். தாய்மாரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

வருகிறேன். உங்கள் வீட்டில் இடம் இருக்குமா என்று கேட்காமலே சொல்லிவிட்டேன். உம்மாமாரைக் கூட்டி வையுங்கள். பிள்ளைகளை அல்ல, உம்மாமாரை. சுஜித்தாவையும் முன்வரிசையில் இருத்துங்கள். இரண்டு கிழமைக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

எமரென்சியா

*

சாய்ந்தமருது
09.06.2024

சிஸ்டர்,

ஒரு சொல் சொல்லாமல் போனீர்கள். இப்போது ஒரு சொல் கேட்காமல் என்னைத் தங்கச்சியாக்கிவிட்டு வருகிறீர்கள். உங்களுக்கு இது ஒரு பழக்கம்.

இரண்டு கிழமை! ஆறு வருஷம் படிப்பித்ததை நாங்கள் இரண்டு கிழமையில் படிக்கவேண்டுமாம். அதற்குள் இரண்டு வெள்ளி, இரண்டு ஞாயிறு போய்விடும், உங்களுக்குப் பூசை, எங்களுக்கு ஜும்மா நாள் சமையல். ஜெனூபா கேட்டுவிட்டு, "என்ட மண்டையில ஏறுமா கா?" என்றாள். ஏறாவிட்டால் ஏற்றுவோம் என்றேன். அவள் மகனை இன்னும் கடைக்கு அனுப்பவில்லை. அன்னப்பிள்ளை அக்கா வெற்றிலைப் பையோடு முதல் நாளே வந்துவிடுவார். இவர் அந்த இரண்டு கிழமையும் தன் உம்மா வீட்டில் படுப்பதாகச் சொல்லிவிட்டார், அறை உங்களுக்கு. "அவ வரட்டும், எனக்கும் ரெண்டு கேள்வி கேக்க இரிக்கி" என்கிறார். கேட்கட்டும்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். எனக்குத் தீரவில்லை. றுஸ்னாவுக்கும் தீரவில்லை. ஃபோனில் உங்கள் படத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பிறகு தனியாக இருந்து கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்கிறாள், வேகமாக, வெகுநேரம். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

ஆகவே முதல் நாள் பசி, தண்ணீர், நோவு எதுவும் வேண்டாம். அதெல்லாம் இரண்டாம் நாள் பார்க்கலாம். முதல் நாள் ஏசுகிற சொற்களைப் பழக்குங்கள். என் பிள்ளை உங்களை என்னென்ன சொல்லி ஏசப்போகிறாள் என்று, பக்கத்தில் இருந்து, நான் ஒன்று விடாமல் கேட்கவேண்டும்.

ஸப்னா